மச்சானுக்குத் தெரியாத பென்டிரைவ்

"இது மட்டும் எங்க மச்சான் காதுக்குப் போயிடக் கூடாது லா, ஷாமினி."

சீனி திரும்பத் திரும்ப இதையே சொன்னார். ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை அவருடையது. பத்திரிகை தயாரிக்கும் தமிழ் மென்பொருள் அரதப்பழசு. கடையிலிருக்கும் பழைய கணினியில் மட்டும்தான் ஓடும். அந்தக் கணினியோ முகூர்த்தக் காலம் பார்த்துப் படுத்துவிடும். எழுப்பத் தெரிந்தவர் ஒரே ஆள், மனைவியின் அண்ணன் கனகராஜ்.

வந்தால் வேலையை முடித்துவிட்டுச் சும்மா போவாரா? கோப்பெங்கிலிருந்து காரில் வந்து இறங்கியதுமே, மேசையை ஏன் இந்தப் பக்கம் போட்டீர்கள் என்று ஆரம்பித்துப் பெயர்ப்பலகையின் நிறம் வரைக்கும் குறை சொல்வார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்பார். சீனி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பார். மனைவியின் அண்ணனாயிற்றே. இனி வராதீர்கள் என்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த முறையும் ஒரு பத்திரிகை பாதியில் நிற்கக் கணினி படுத்துவிட்ட நேரத்தில்தான், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷாமினி நேம் கார்டு அடிக்க வந்தாள். அந்த மென்பொருளை, அதற்கு வேண்டிய அத்தனையோடும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டித் தரலாம், எந்தக் கணினியிலும் ஓடும் என்றாள். சீனி மறுநாளே பழைய கணினியை அவள் கடைக்குத் தூக்கி வந்துவிட்டார்.

"சமையல்காரரு அடுப்பு, அண்டா எல்லாத்தையும் மண்டபத்துக்குத் தூக்கிட்டு வராரு இல்ல, அந்த மாதிரிதான் அண்ணே," என்றபடி ஷாமினி அந்தப் பொட்டலத்தை ஏற்றிய பென்டிரைவைப் புது லேப்டாப்பில் செருகினாள்.

சீனி மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு, பாதியில் நின்றுபோன பத்திரிகை பிள்ளையாரோடு வந்து நின்றது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. உடனே கவலையும் வந்தது. தன்னை விட்டால் ஆளில்லை என்று மச்சான் பெருமையாக இருக்கிறார், தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்றார். பழைய கணினியைச் சும்மாவாவது கடையில் வைத்திருக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் கார் மறைந்ததும் ஷாமினி கைப்பேசியை எடுத்தாள்.

"குடுத்துட்டேன் அண்ணே. நீங்க அனுப்பித்தான் நான் அவரு கடைக்கு வந்தேன்னு அவருக்குத் தெரியாது."

"நல்லா இரும்மா," என்று கோப்பெங்கில் பெருமூச்சு விட்டார் கனகராஜ். "மாப்பிள்ளை கூப்பிட்டா வர முடியாதுன்னு சொல்ல வாய் வருமா? கடையக் கொற சொல்லிப் பார்த்தேன், கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லிப் பார்த்தேன், மனுசன் கோவிச்சுக்கவே மாட்டேன்னுட்டாரு."