சாம்பிள் பாட்டில்

கெமிக்கல் கம்பெனி ஜீப்பில் இருந்து கலாவதி இறங்கியதைத் தெருவே பார்த்தது. ஆறு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, கையில் ஒரு கவருடன் வேல்முருகன் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

வேல்முருகன் அப்போதுதான் பக்கத்து ஊரான ஓரிக்கையில் இருந்து சைக்கிளில் இரண்டு குடம் தண்ணீரோடு வந்திருந்தான். தண்ணீரைச் சோதிக்கும் லேப் அம்மா என்றதும் ஓடிப்போய்க் கவரைப் பிரித்தான். படிக்கப் படிக்க முகம் கறுத்தது.

"சால்வென்ட் கெமிக்கல் எதுவுமே இல்லியா? பம்ப அடிச்சாலே பெயிண்ட் தின்னர் நாத்தம் அடிக்குதேம்மா!"

"ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணேன் சார். அப்பவும் மனசு கேக்காமதான் நேர்ல வந்தேன்."

"அவங்க ஜீப்புல வந்து எறங்கிக்கினு வேற என்ன சொல்வீங்க?"

கலாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் இல்லாமல் வெயிலில் நின்றவளை டிரைவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டது இப்படி முடியும் என்று யார் கண்டார்கள்?

வேல்முருகனைச் சொல்லியும் குற்றமில்லை. தறியை விட்டுவிட்டு இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக மனுவோடு அலைந்து வாங்கிய டெஸ்ட் இது. அவன் மனைவி அங்கம்மாளுக்கு இரண்டு கரு கலைந்தது கம்பெனிக் கழிவு கலந்த பம்புத் தண்ணீரால்தான் என்று தெருவே சொன்னது. ஆபீஸுக்குத்தான் காகிதம் வேண்டியிருந்தது. இதே காகிதம் ஆபீஸுக்கும் போனது, அதைப் பார்த்து நேற்றே ஃபைலை மூடிவிட்டார்கள். இனி முதலில் இருந்து மனுப் போட வேண்டும்.

அங்கம்மாள் உள்ளே இருந்து ஒரு செம்பை எடுத்துவந்து கலாவதியிடம் நீட்டினாள். "மொதல்ல குடிங்கம்மா. சாம்பிள் எடுக்க வந்த அன்னிக்கும் இப்டிதான் மூச்சு வாங்கிக்கினு வந்தீங்க."

கலாவதி ஒரே மடக்கில் குடித்தாள். "நீங்களே சொல்லுங்க சார், இதுல நாத்தம் இருக்குதா?"

"அது ஓரிக்கைத் தண்ணிம்மா! குடிக்கறதுக்கு நான் தெனம் கொண்டாறது!"

கலாவதி காலிச் செம்பைப் பார்த்தாள். சாம்பிள் எடுக்க வந்த அன்றைக்கு வேல்முருகன் வீட்டில் இல்லை. தெருக்கோடிப் பம்புக்குக் கிளம்பியவளைத் தடுத்து உட்காரவைத்து, பாட்டிலை வாங்கிக்கொண்டு போனது அங்கம்மாள்தான். விளிம்பு வரை, காற்றுக்குக்கூட இடமில்லாமல், சொன்னபடியே நிரப்பித் தந்தாள்.

"அக்கா, அந்தப் பாட்டில்ல எந்தத் தண்ணி ரொப்பினீங்க?"

அங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். பிறகு கலாவதியின் வயிற்றைப் பார்த்தாள்.

"டெஸ்ட்டுன்னா நீங்க குடிச்சுப் பாப்பீங்கன்னு நெனச்சேன்மா... புள்ளத்தாச்சி கையில அந்த வெஷத்தையா குடுப்பேன்?"