முப்பத்தெட்டு ஸ்வெட்டர்

“பன்னிரண்டு பேருக்கு மட்டும்னா எங்களுக்கு வேண்டாம். சேஷன், எழுந்திரு, போகலாம்.”

ராஜகோபாலன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். தலைமையாசிரியை ஜெயலட்சுமி பதறிப்போனார்.

டில்லி ஜனக்புரியில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்புக்கு, லோதி ரோடு சேவா கிளப் ஸ்வெட்டர் பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தது. குளிரில் அரைக்கைச் சட்டையோடு வந்து நடுங்கும் ஏழைக் குழந்தைகள் பன்னிரண்டு பேரின் பட்டியலை ஜெயலட்சுமி தயாராக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும்தான் கிளப் தலைவர் ராஜகோபாலனுக்குக் கோபம்.

“கோவிச்சுக்காதீங்க சார். மத்த இருபத்தாறு பேரும் வசதியானவங்க வீட்டுப் பிள்ளைங்க. பேங்க் ஆபீசர் குழந்தைங்ககூட இருக்கு. அதுங்களுக்கு எதுக்கு சார் தானம்?”

“தானம்ங்கற வார்த்தையை முதல்ல விடுங்கோ. பன்னிரண்டு குழந்தை மட்டும் ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்டுண்டு வந்தா, மத்ததெல்லாம் விரலைக் காட்டிச் சிரிக்கும். யார் வீட்டிலே இல்லைன்னு குழந்தை முதுகுல எழுதி ஒட்டறதா? குடுத்தா வகுப்பு முழுக்கக் குடுப்போம். ஒரு குழந்தைகூட விடக்கூடாது.”

கிளப் செயலாளரான சேஷன் மெல்லக் கனைத்தான். “சார், பின்னித் தரேன்னு ஒத்துண்டதே நாலு மாமிதான். ஜனவரிக்குள்ள முப்பத்தெட்டுன்னா...”

“பின்னிடலாம்.”

“பேசாம மத்த வகுப்புல இருக்கற ஏழைக் குழந்தைகளையும் சேர்த்துண்டு...”

“ஒண்ணாம் வகுப்பு. முழுக்க. இல்லேன்னா நாளைக்கே என் ராஜிநாமாவை வாங்கிக்கோ.”

சேஷன் நோட்டில் முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டான். தலைவர் மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பில் ஒருமுறை எழுதியதை மந்திரியே சொன்னாலும் திருத்தமாட்டார் என்று பெயர் வாங்கியவர்.

மறுநாளே சேஷன் டேப்போடு போய் முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்கும் அளவெடுத்து வந்தான். தலைவர் கம்பளி நூல் உருண்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கினார். வெயில் காய்ந்துகொண்டே வேர்க்கடலை கொறித்துக் கொண்டிருந்த பெண்களெல்லாம், அவர் தலை தெரிந்ததும் உள்ளே ஓடினார்கள்.

“எனக்கு முழங்கை வலி மாமா” என்று தப்பிக்கப் பார்த்தாள் ஜலஜா.

அவர் வாசலில் கிடந்த பிரம்பு மோடாவில் உட்கார்ந்துகொண்டார். “போகட்டும். வலி விடற வரைக்கும் காத்திண்டிருக்கேன்.”

அரை மணியில் வலி விட்டுவிட்டது.

“உங்க தலைவர் முன்னே ஜெயில் வார்டனா இருந்தாரா?” என்று சேஷனைப் பிடித்துக்கொண்டாள் ஜலஜா. “என் வீட்டுக்காரருக்கு ஆரம்பிச்ச ஸ்வெட்டர் ஒரு கையோட நிக்கறது!”

“அவர் சம்சாரத்தைப் பாருங்கோ. ருக்மிணி மாமி தனியா ஒன்பது முடிச்சாச்சு. கண்ணாடியைக் கழட்டறதே இல்லை.”

பொங்கல் கழிந்த மறுநாள் காலை, பனி இன்னும் விலகாத நேரத்தில், முப்பத்தெட்டும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. ஜெயலட்சுமி மேஜை போட்டு, மாலையும் வாங்கி வைத்திருந்தார்.

“நீங்கதான் சார் உங்க கையால குடுக்கணும்.”

“என் கையால வேண்டாம்மா. இது கிளப் குடுக்கறது. செயலாளர் குடுப்பார்.” மாலையைத் தொடக்கூட இல்லை. பின்சுவரை ஒட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். விளம்பரம் பிடிக்காத மனுஷர் என்று நினைத்துக்கொண்டான் சேஷன்.

மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னப்பெண், ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து கேட்டது. “அங்கிள்ஜி, சாயங்காலம் வாபஸ் குடுக்கணுமா?”

“வேண்டாம்மா. உனக்கேதான்.”

அது போட்டுக்கொள்ள மறந்து ஓடியது. “ஜல்தி போட்டுக்கோடி!” என்று பின்னாலிருந்து இன்னொன்று கத்தியது. சற்று நேரத்தில் வகுப்பு முழுவதும் ஒரே அரக்கு நிறம். பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேர் யார் யார் என்று சேஷன் தேடிப் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு மாதமாக மனதுக்குள் தலைவரைத் திட்டித் தீர்த்ததற்கு வெட்கமாக இருந்தது.

ஸ்கூட்டரில் அவரை வீட்டில் இறக்கிவிட்டபோது, ருக்மிணி மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“சேஷன், அளவெல்லாம் சரியா இருந்துதா?”

“முப்பத்தெட்டும் கச்சிதம் மாமி.”

“அது இருக்கட்டும்” என்று கணவர் பக்கம் திரும்பினாள். “நம்ம பூவராகவன் பொண்ணு போட்டுண்டாளா?”

சேஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேங்க் ஆபீசரான பூவராகவன் ஒரு பஞ்சாபிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, எட்டு வருஷமாக, மகனின் பெயரைக்கூட அந்த வீட்டில் யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை.

“போட்டுண்டா. கழுத்துதான் கொஞ்சம் லூஸ்” என்றார் ராஜகோபாலன், ஷூ கயிற்றை அவிழ்த்தபடி. “அந்த வீட்டுக்கு என் கையால ஒரு நூல் போகாதுன்னு சொன்னேன். போகலை. கிளப் குடுத்தது, வகுப்பு முழுக்கக் குடுத்தது. சேஷன், அடுத்த குளிருக்கு ரெண்டாம் வகுப்பு. இப்பவே மினிட்ஸ்ல எழுதிடு!”