நூலகம் பூட்டியிருந்த வாரம்

பார்வை போன தையற்காரருக்குத் தினமும் மதியம் தொலைபேசியில் கதை படித்துக் காட்டுவதும் நூலகர் அம்மாளின் வேலைதான். வெளியே நடமாட முடியாதவர்களுக்கென்று நூலகம் தொடங்கிய ஏற்பாடு அது. உதவிக்கு ஆள் போடுகிறோம் என்றார்கள், போடவில்லை. படிப்பது, அடுக்குவது, பெருக்குவது எல்லாம் அவள் தலையிலேயே விடிந்தது.

போன வாரம் தொண்டை கட்டிப் பேச்சே வராமல் வீட்டில் படுத்துவிட்டாள். நூலகம் பூட்டியே கிடந்தது.

திரும்பி வந்ததும் முதலில் தையற்காரரைத்தான் அழைத்தாள்.

“மன்னிச்சுக்குங்க அண்ணே. ஒரு வாரமா படிக்க முடியாமப் போச்சு.”

“என்னம்மா சொல்றே? நேத்துகூட அந்தத் தங்கச்சி கல்யாணம் நின்னுபோற இடம் வரைக்கும் படிச்சியே. எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

அவள் அவருக்குப் படித்துவந்த நாவலைப் புரட்டினாள். தான் அடையாளம் வைத்திருந்த பக்கத்துக்கு வெகுதூரம் தள்ளித்தான் அந்தக் கல்யாணம் நின்றுபோனது.

“யாராச்சும் விளையாடியிருப்பாங்க அண்ணே.”

“உன் குரல் எனக்குத் தெரியாதா? ஆனா இந்த வாரம் அதுல அலுப்பே இல்லம்மா. இன்னைக்குத்தான் பழையபடி தேய்ஞ்சு கிடக்கு.”

அவள் வாய் திறப்பதற்குள் தொலைபேசியில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரலே, நிதானமாக, அடுத்த அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கியது.

வைத்துவிடத்தான் நினைத்தாள். கை வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவளைவிட நன்றாகவே படித்தது.