குரு இன்னும் வரல

“வைகாசியிலயே ஒரு முகூர்த்தம் குறிச்சுக் குடுங்க ஜோசியரே. தறியில கல்யாணப் பட்டு ஏத்தியாச்சு” என்றார் ஐயம்பேட்டை அப்பாதுரை.

அவருக்குப் பின்னால் நாற்காலியில் மதனவதி வந்து உட்கார்ந்ததை அவர் கவனிக்கவில்லை. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதுதான் மதனவதியின் உத்தியோகம்.

போன வாரம் இதே அப்பாதுரை, “எங்க ஜீவிதாவுக்குப் பத்தொன்பது முடிஞ்சுது மேடம்” என்று ஏதோ ஓர் அட்டையை நீட்டியிருந்தார். அவள் நம்பவில்லை. இன்று அவர் பின்னாலேயே வந்துவிட்டாள். தேதி குறிக்கிற ஜோசியரையும் சேர்த்து உள்ளே தள்ளுவதாக முடிவு.

ஜோசியர் உமாபதிக்கு விரலுக்கொரு மோதிரம், ஏசி அறை, லேப்டாப். “பொண்ணு எப்ப பொறந்துது?”

“பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். போன மாசந்தான் பதினேழு முடிஞ்சுது.”

மதனவதி எழுந்தே விட்டாள். “எங்கிட்ட பத்தொன்பதுன்னீங்க?”

அப்பாதுரை திடுக்கிட்டார், ஆனால் கூசவில்லை. “மேடம், ஆபீசுக்குச் சொல்றது வேற. ஜாதகத்துல பொய் சொன்னா பொண்ணு வாழ்க்கை என்னாவுறது?”

“கல்யாணம் நடந்தா ஜெயிலுதான். சொல்லிட்டேன்.”

“பாத்துக்கலாம் மேடம். நான் பாக்காத கேஸா?”

உமாபதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “குரு மறைஞ்சு உக்காந்துக்கினு இருக்காரு. இப்ப தாலி கட்டினா மாப்பிள்ளைக்குக் கண்டம்.”

அப்பாதுரைக்கு முகம் வெளுத்தது. “ஐயோ! எப்பதான் வருவாரு?”

“அடுத்த சித்திரை தாண்டணும். அதுவரைக்கும் பொண்ணை வீட்ல வெக்காதப்பா. புதன் நல்லா இருக்குது, காலேஜ்ல சேத்துடு.”

“அப்ப பட்டு?”

“அது எங்க ஓடிடப் போவுது? பொட்டியில கிடக்கட்டும்.”

அப்பாதுரை பயபக்தியோடு கும்பிட்டுவிட்டுப் போனார். மதனவதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் நின்றதே என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. ஜெயிலுக்கு அசையாத மனுஷன் ஒரு கிரகத்துக்கு இப்படி நடுங்குகிறாரே!

“கிரகத்தைக் காட்டி ஜனங்களைப் பயமுறுத்துறீங்களே, வெக்கமா இல்ல சார்? நாளைக்கே குரு வந்துட்டாருன்னு பதினஞ்சு வயசுப் பொண்ணுக்குத் தேதி குறிப்பீங்க!”

உமாபதி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மேடம், பொண்ணுங்க கல்யாண வயசை இருபத்தொண்ணு ஆக்கப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, சட்டமாயிடுச்சா?”

“இன்னும் இல்ல. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?”

“ஆச்சுன்னா உடனே ஒரு போன் போடுங்க மேடம். குருவை இன்னும் மூணு வருஷம் தள்ளி உக்கார வெக்கணும்.”