கோட்டையின் கடைசிக் கல்

லண்டன் எட்மண்டனில் இருக்கும் அந்தப் பிள்ளையார் கோயில் முன்பு ஒரு தேவாலயமாக இருந்தது. கோயில் செயலாளர் தவமலருக்கு முன்னால், மியூசியத்திலிருந்து வந்த ஹம்சா உட்கார்ந்திருந்தாள்.

"எசெக்ஸ்ல ஒரு கிராமத்துல கோட்டை இருந்துச்சுக்கா. ஒரு பிரபு கட்டினார். மகன் அதைச் சூதாட்டத்துல தோத்தான். ஜெயிச்ச வியாபாரி இடிச்சு, கல்லு கல்லா வித்துட்டான். இப்ப அங்க வெறும் புல்லுதான். சிங்கம் செதுக்கின ஒரே ஒரு கல் மட்டும் இந்த சர்ச்சுக்கு வந்திருக்கு. பார்த்திருக்கீங்களா?"

தவமலருக்குத் திக்கென்றது. வாசலில் சனம் சிதறுதேங்காய் அடிப்பது அந்தக் கல்லில்தான். மியூசியம் கண்டால் விடுமா?

"அப்பிடி ஒண்டும் நான் காணேல்லை, பிள்ளை" என்றாள், கோயிலுக்குள் இருந்துகொண்டே.

ஹம்சா சிரித்தாள். "தேடினது கிடைக்கணும்னு வரும்போதே வாசல்ல ஒரு தேங்காய் உடைச்சேன்க்கா. தண்ணி வழிஞ்ச இடத்துல சிங்கம் பல்லைக் காட்டுச்சு."

தவமலரின் முகம் சுருங்கியது. "கொண்டு போகப் போறியளோ?"

"ஐயோ, இல்லக்கா! நான் கோட்டையோட வரலாறு எழுதுறேன். மிஞ்சின இந்தக் கல்லோட ஓனர் பேரு மட்டும்தான் வேணும். இதுவரைக்கும் இருந்தவங்க எல்லாரும் தோத்தாங்க, இல்லன்னா வித்தாங்க."

தவமலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளையார் எண்டு எழுதுங்கோ. அவர் ஆருக்கும் விக்கமாட்டார்."