பக்கத்து வீட்டு கிரைண்டர்

கம்ப்யூட்டர் மறுபடியும் தானாக அணைந்து, தானாகவே எழுந்தது.

தேவிப்பிரியா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டாள். டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் வேலை அவளுக்கு. முக்கால்வாசி முடித்திருந்த ஃபைல் போய்விட்டது. இனி ஒரு ஃபைல் தாமதமானாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. கணவன் பிரபாகருக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். சமைத்து, துவைத்து, கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தால் இப்படி.

தர்மபுரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஆரோக்கிய பிரவீனுக்குப் போன் செய்தாள். உள்ளே சூடு ஏறினாலும் இப்படி ஆகும், வோல்டேஜ் இறங்கினாலும் ஆகும், கடைக்குக் கொண்டுவந்தால் திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்றான் அவன். பக்கத்தில் மோட்டார், கிரைண்டர் ஏதாவது ஓடுகிறதா என்றும் கேட்டான்.

அது போதுமாக இருந்தது அவளுக்கு. பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் பெரிய கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து நல்லம்பள்ளிக் கடைகளுக்குப் போடுகிறவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் லைன். கம்ப்யூட்டரையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதைவிடப் பக்கத்து வாசலுக்குப் போவது சுலபம்.

போனாள்.

"உங்க கிரைண்டரால என் பொழப்பு போகுதுங்கக்கா. வூட்டு கரண்டுல யாவாரம் பண்றீங்கன்னு ஈ.பி. ஆபீசுல எழுதிக் குடுத்தா என்னாகும்னு தெரியுமில்லீங்களா?"

செல்லம்மாள் மாவுக் கையோடு நின்றாள். உனக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் ஆறு ஆகும் என்றாள் தேவிப்பிரியா.

"சரி கண்ணு, நான் பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. கம்ப்யூட்டரும் ஒழுங்காக ஓடியது. அந்த வாரம் கோடை மழை வேறு பிடித்துக்கொண்டு, வீடே ஜில்லென்று கிடந்தது. ஃபைல்கள் நேரத்துக்குப் போயின.

கொஞ்சம் கறாராகப் பேசினால்தான் காரியம் நடக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை பிரபாகரிடம் சொன்னாள். அந்த அக்காவுக்கு வேறு வருமானம் இல்லையே என்றான் அவன். எனக்கு மட்டும் இருக்கிறதா என்று அவள் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.

மழை விட்டது. வெயில் பழையபடி கொளுத்த ஆரம்பித்த அன்று, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. எழுந்து, பத்து வரி அடிப்பதற்குள் மறுபடி அணைந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத பொம்பளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கி, ஒருவழியாக அனுப்பி முடித்தாள். ஹெட்போனுக்கு வெளியே என்ன ஓடியது, ஓடவில்லை என்று அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லம்மாள் வீட்டு வாசலுக்குப் போனபோது, மாங்கூழ் கம்பெனி வேன் ஒன்று தெருமுனையில் வந்து நின்றது. அதிலிருந்து நாலைந்து பெண்களோடு செல்லம்மாளும் இறங்கினாள். புடவை முழுக்க மாம்பழ வாசம். குழந்தை அவளைப் பார்த்ததும் தாவியது.

"வேண்டாம் சாமி, பெரியம்மா கையெல்லாம் மாம்பாலு, உனக்குப் பொத்துப் போயிரும்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல்களெல்லாம் கொப்புளம்.

"இன்னிக்கு கிரைண்டர் போட்டீங்களாக்கா?" என்று கேட்டாள் தேவிப்பிரியா.

"கிரைண்டரா? அதை நீ சொன்ன அன்னிக்கே பாலக்கோட்டு ஓட்டல்காரருக்கு வெலைக்குக் குடுத்துட்டேன் கண்ணு. கடைக்காரங்களுக்கு சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மாவு வேணும், உனக்கு ஆறு மணி வரைக்கும் வேலை. எப்படியும் தோதுப்படாது. நீ கைப்புள்ளக்காரி, வூட்ட வுட்டு எங்க போவ? நான் ஒண்டிக்கட்டை, எங்க வேணா போய்ப் பொழச்சுக்குவேன்."

பூட்டைத் திறந்துகொண்டே செல்லம்மாள் திரும்பிக் கேட்டாள்.

"இப்ப உன் கம்ப்யூட்டரு நிக்காம ஓடுதா கண்ணு?"