அளக்காத காற்று

பங்குக் கோவிலின் புது ஏசி ஹாலில் குளிர்காற்று வரும் தகட்டுக் குழாயான டக்ட் போட்ட கிளைட்டனுக்குப் பொன்னாடை போர்த்த ஊரே கூடியிருந்தது. அவனோ மெல்ல நழுவினான். ஹாலை ஒட்டியிருந்த, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முட்டிபோட்டான். தலைக்குமேலேயே ஏசி டக்டின் வாய். இருந்தும் வேர்த்துக் கொட்டியது.

"சாமி, பொய் சொல்லிட்டேன். ஹாலுக்குள்ள காத்து எவ்வளவு வருதுன்னு நான் அளக்கவே இல்ல."

"சர்ட்டிபிகேட்ல நம்பர் போட்டிருக்கியே?"

"டக்டோட பரப்பைக் காத்தோட வேகத்தால பெருக்கணும் சாமி. வேகத்தை மிஷின் வச்சுப் பார்க்கணும். நான் ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில இருந்த நம்பரைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"அடப்பாவி! அப்போ எவ்வளவுதான் வருது?"

"பாதி வந்தாலே அது மாதாவோட புதுமைதான் சாமி."

"வேற?"

"மாதர் சங்கத் தலைவி விக்டோரியா அக்கா வேர்க்குதுன்னாங்க. 'உங்க உடம்பு அப்படி'ன்னுட்டேன்."

சாமியார் பெருமூச்சு விட்டார். "பத்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு. திருவிழாவுக்குள்ள சரிபண்ணிரு. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

பாவம் இறங்கிய லேசில் கிளைட்டன் ஹாலுக்குள் துள்ளி நுழைந்தான். முந்நூறு பேரும் அவனையே பார்த்தார்கள். மேடையில் விக்டோரியா பொன்னாடையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாலே கிளைட்டன்" என்று மேலே கையைக் காட்டினாள். தகடு மிச்சமாகட்டும் என்று தொட்டிக்கும் ஹாலுக்கும் சேர்த்து அவன் இழுத்திருந்த ஒரே டக்ட்.

"இதுல காத்துதான் வரல. நீ சொன்னது ஒரு எழுத்து பிசகாம வந்துட்டு."